நாடகம் எழுதியே பிழைப்பேன் என்கிற மகன்

உயர்நிலை நான்கில் படிக்கும் மகன் நாடகமும் துப்பறியும் நாவலும் எழுதியே பிழைப்பேன் என்கிறான், சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான், அம்மா. சிங்கப்பூரில் தமிழில் எழுதி மட்டும் வீட்டுக் கடன் கட்டுவது கஷ்டம். அதை அவனிடம் மறைக்க வேண்டாம். எழுதாதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எழுத்தாளர் சுஜாதாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணேஷ், வசந்த் துப்பறியும் கதைகளும் எழுதினார், பூர்ணம் விஸ்வநாதன் குழுவுக்கு நாடகங்களும் எழுதினார். மாதச் சம்பளம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வாங்கினார். ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். ஸ்டிரிக்னின் என்ற விஷம் கலந்த மருந்தில் புரோமைடு உப்பு சேர்ந்தால் அந்த விஷம் புட்டியின் அடியில் படிந்துவிடும். கடைசி வாய் குடிப்பவர் தொலைந்தார். 1920ல் வந்த அவருடைய முதல் நாவலின் முடிச்சே இதுதான். (படிக்காதவர்கள் மன்னிக்க.)

ஆகவே உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்று மல்லுக்கட்டுமுன், எந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க அவனுக்கு ஆசை என்று கேளுங்கள். சட்டம், மருந்தியல், தாதிமை எதுவானாலும் கதைக்குத் தீனி உண்டு. தேசியச் சேவை காவல்துறையில் அமைந்தால் யோகம்தான்.

இப்போதைக்குப் பத்து நிமிட நாடகம் ஒன்று எழுதட்டும். மூன்று பாத்திரங்கள், அதில் ஒருவர் பொய் சொல்கிறார். நாவலில் கதைசொல்லியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். மேடையில் நடிகர் எல்லார் கண்முன்னும் நிற்கிறார், பொய்யைப் பேச்சுக்குள்தான் ஒளிக்க வேண்டும். நண்பர்களை உரக்க வாசிக்கச் சொல்லி, நாக்கு இடறும் வசனத்தையெல்லாம் வெட்டச் சொல்லுங்கள். பின்னால் வசந்தம் தொலைக்காட்சிக்கு நாடகத் தொடர் எழுதப் போனாலும் வெட்டத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு.

இன்னொன்று, இதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை: உரிமை. கிறிஸ்டி 1947ல் வானொலிக்கு எழுதிய சிறு நாடகம்தான் 1952ல் லண்டனில் 'தி மவுஸ்டிராப்' ஆனது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று நிறுத்தும்வரை இடைவிடாமல் ஓடியது. அதன் உரிமையைப் பேரனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார் பாட்டி! இங்கே, சம்பள வேலையின் பகுதியாக எழுதுவது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். சொந்தமாக எழுதுவது, உரிமையை எழுதிக் கொடுத்தால் ஒழிய, அவனுக்கே. யாராவது அவன் நாடகத்தைக் கேட்டு வந்தால் மேடையேற்ற அனுமதி மட்டும் கொடுக்கட்டும். எத்தனை காட்சிகளுக்கு, எவ்வளவு வெள்ளிக்கு என்பது தாளில் இருக்கட்டும். பதினெட்டு வயதுகூட ஆகாத பிள்ளை, கையெழுத்துக்கு முன் நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.