குடும்ப விடுமுறையில் மறக்க முடியாத படங்களைக் கைப்பேசியிலேயே எடுப்பது எப்படி?

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறீர்கள், வீடு திரும்பிப் பார்த்தால் ஒன்றும் மனதில் ஒட்டுவதில்லை, பெரிய கேமராவும் கையில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புகைப்படக்காரன் இல்லை. மலேசியாவில், கிள்ளானில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் லங்காவித் தீவுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் கெஞ்சினாலும் கேட்காமல், விடுமுறைதோறும் அவர்களை பேரா மாநிலத்தில் நான் பிறந்த சுங்கை சிப்புட்டுக்கு இழுத்துப் போகிறவன். அங்கே எடுத்துக் கெடுத்த படங்களில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனம். மூன்று வருடங்களுக்கு முன் அம்மா, அத்தை, மனைவி, பிள்ளைகள் எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு பத்து காஜா பக்கம் இருக்கும் கெல்லி மாளிகைக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. செங்கல் சுவருக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, இருநூறு படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். இரவு பார்த்தால் எல்லார் கண்குழியும் கறுத்துக் கிடக்கிறது, மூக்குக்கு அடியில் மீசை மாதிரி நிழல். அம்மாவைப் பார்த்தால் ஐசி (அடையாள அட்டை) படத்துக்கு உட்கார்ந்தவர் போல இருந்தார்.

தப்பு நேரத்தில். இணையத்தில் எல்லாரும் 'காலை ஆறு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணிக்கு எடுக்காதே' என்று எழுதுவார்கள். நம் ஊருக்கு அந்தக் கணக்கு உதவாது. 1982 ஜனவரி 1 அன்று சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் பேராவில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணி வாக்கில்தான். காலை ஆறு மணிக்குக் கும்மிருட்டு. ஏழிலிருந்து ஏழரைக்குள் விடியும், மாலையில் அதே மாதிரி ஏழிலிருந்து ஏழரைக்குள் அடையும், வருடம் முழுக்க பெரிய மாற்றம் கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறிவிடும், அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம் நின்றால் அதிகம். ஆகவே காலையில் ஏழரை முதல் எட்டரை, மாலையில் ஆறு முதல் ஏழு. நடுவில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

அந்த இருநூற்றுச் சொச்சத்தில் ஒரே ஒரு படம் தப்பியது. மாளிகையைக் கட்ட ஆரம்பித்த வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், தோட்டத் துரை. 1915-இல் தொடங்கிய வேலை, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் அப்படியே நின்றுவிட்டது. கட்ட வந்தவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். காய்ச்சலில் பலர் சாகவே, அவர்கள் கேட்டுக்கொண்டபடி துரை ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். கோயில் மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. அதன் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு ஆள் நிற்கிறார், துரையேதான். என் மகன் அதைக் கண்டுபிடித்துக் கையை நீட்டிக் கத்த, அம்மா முந்தானையைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அந்தப் படம்தான். வெளிச்சம் மோசம், ஓரத்தில் யாரோ ஒருவர் முழங்கை. ஆனாலும் இரண்டு பேரும் என்னை மறந்து எதையோ பார்க்கிறார்கள்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். நம் வீட்டுப் பெரியவர்களை 'நில்லுங்க' என்றால் மரமாகிவிடுவார்கள். ஏதாவது செய்யச் சொன்னால் மனுஷராகிவிடுவார்கள்.

அடுத்த விடுமுறையில் இதை அத்தையிடம் சோதித்துப் பார்த்தேன். அத்தை பதினாறு வயதிலிருந்து ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். எங்கள் தோட்டத்தில் பால்மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டபோது சீவும் உளியைக் கீழே வைத்தவர், அப்புறம் தொடவில்லை. ஆனால் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார்! பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) தெரிந்த மலாய்க்காரர் ஒருவரின் சிறு நிலத்தில் இன்னும் பால்மரங்கள் நிற்கின்றன. அவரிடம் கேட்டுக்கொண்டு, காலை ஏழரைக்கு அத்தையைக் கூட்டிப் போனோம். "இந்நேரத்துக்கு நாங்க பாதி நிரை முடிச்சிருப்போம்டா, வெயில் ஏறினா பால் ஓடாது" என்று ஏசிக்கொண்டேதான் வந்தார். நிரை என்றால் ஒருவர் சீவ வேண்டிய மரவரிசை.

நான் வழக்கம்போல முன்னால் போய் நின்றேன். "அங்க நின்னா என் முதுகுதான் விழும், இப்படி வா" என்றார். சீவும் கோடு எப்போதும் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கை நோக்கி இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால், அப்படிக் குறுக்கே சீவினால்தான் நிறையக் குழாய் அறுபடும். ஆக, மரத்துக்கு வலப்பக்கமாக, கொஞ்சம் தாழ்வாகக் குந்தினால் உளி, கை, முகம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். எந்தப் பாடத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள். எங்கே நின்று எடுப்பது என்று வேலை செய்கிறவரையே கேளுங்கள், தோசை ஊற்றுவதானாலும் சரி, பூ கட்டுவதானாலும் சரி.

மர நிழலில் வெளிச்சம் குறைவு, கை அசைந்தால் படம் கலங்கும். அத்தை சரக் சரக்கென்று சீவும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் கை ஒரு நொடி நிற்கும். அந்த நொடிக்காகக் காத்திருந்து தட்டினேன். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் வெளிச்சமும் குவியமும் (ஃபோகஸ்) பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை மேலோ கீழோ இழுத்துக் கூட்டிக் குறைக்கலாம். பின்னால் வானம் வெளுத்திருந்தால் நம் நிறத்துக்காரர்களை கேமரா கரியாக்கிவிடும், கொஞ்சம் கூட்டுங்கள். அந்த அழகூட்டும் வடிகட்டியை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். எழுபது வயது அத்தையை மாவு பூசினதுபோல ஆக்கி வைத்திருந்தது, தெரியாமல் நான் எடுத்த முதல் பத்துப் படங்களில்.

குளிர்சாதன வேனிலிருந்து இறங்கியதும் எடுக்காதீர்கள், கண்ணாடியில் ஆவி படர்ந்திருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, சட்டை நுனியால் துடைத்துவிட்டு எடுங்கள். மழையாக இருந்தால் ஊருக்குள் போய்விடுங்கள். பழைய கடைவரிசையின் அஞ்சடியில், அதாவது கூரை போட்ட முன்நடையில் நின்று தெருப் பக்கம் முகத்தைக் காட்டினால் ஸ்டூடியோ வெளிச்சம் கிடைக்கும், காசு வேண்டாம். அம்மாவின் நல்ல படங்களில் பாதி, அங்கே ஒட்டுக்கடையில் தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறும்வரை காத்திருந்தபோது எடுத்தவை.

பார்க்க வேண்டிய இடம் என்று கேட்டால், காராயில் பேரா ஆற்றின் மேலே 1900-இல் திறந்த விக்டோரியா பாலம். ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழைய பாலத்தை ஒட்டிய நடைபாதையில் பிள்ளைகளை ஓடவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் இரும்புச் சட்டங்கள் தானாக வரிசை கட்டும். மோட்டார் சைக்கிளும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. நாங்கள் வளர்ந்த லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, சில வருடங்களுக்கு முன்புவரை இருந்தது. போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போவோம், 'அடுத்த தடவை எடுக்கலாம்' என்பேன். மாளிகையை இருநூறு எடுத்தவனுக்கு, அம்மா சமைத்த அடுப்படியை, மேற்பார்வை பார்க்கும் தண்டல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தை ஒன்று எடுக்கத் தோன்றவில்லை. இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் இன்னும் நிற்பது எதுவானாலும், சுற்றுலா இடத்துக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி அதை முதலில் எடுங்கள்.

எடுத்ததைக் குடும்பக் குழுவில் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். ஒரு பயணத்துக்குப் பத்துப் படம் தேர்ந்தெடுத்து 4ஆர் அளவில் கழுவுங்கள், நாலுக்கு ஆறு அங்குலம். பின்னால் பென்சிலால் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் ஒரு படத்தில் அப்பா பக்கத்தில் நிற்பவர் யாரென்று சொல்ல இப்போது ஆளில்லை.

அத்தை மரம் சீவும் படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று கேட்பார் என நினைத்தேன்.

"மங்கு கோணலா இருக்குடா" என்றார். "தண்டல் பார்த்தா ஏசுவாரு."