ஏஎம்டி கார் ஏன் குலுங்குகிறது?

கேள்வி: புதிதாக ஏஎம்டி கார் வாங்கியிருக்கிறேன் சார். கியர் மாறும்போதெல்லாம் ஒரு குலுக்கல், கொல்லிமலை ஏறினால் திணறுகிறது. வண்டியில் கோளாறா? – நாமக்கல் வாசகர்

பதில்: பெரும்பாலும் கோளாறாக இருக்காது. ஏஎம்டி என்பது நம் பழைய மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் மட்டும் உங்களுக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. கிளட்ச் விலகும் நொடியில் இழுவை அறுபடும், அப்போதும் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் தலை முன்னே போய்ப் பின்னே வரும். கியர் மாறப்போகும் நேரத்தில் காலை லேசாகத் தளர்த்தி, மாறியதும் மறுபடி அழுத்துங்கள். சீக்கிரமே கால் பழகிவிடும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கியர் தானாக மாறும் 'டி'யை நம்பிப் போகாதீர்கள். வளைவுக்கு முன்பே, நாமே கியர் மாற்றும் 'எம்'முக்கு மாற்றி இரண்டாம் கியர், செங்குத்தாக இருந்தால் முதல் கியர் போட்டுவிடுங்கள், நடு வளைவில் கியர் தேடித் தடுமாறாது. இறங்கும்போதும் அப்படித்தான், இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைப்பதால் பிரேக் அதிகம் சூடேறாது. நியூட்ரலில் உருட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் இது ரொம்ப முக்கியம்: ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை வைத்தே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் பலர், கிளட்ச் தீய்வது அதனால்தான். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள், வண்டி இழுக்கத் தொடங்கியதும் விடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி ஆற விடுங்கள்.