கேள்வி-பதில்: முதல்ல என்னை புடிங்க!

கேள்வி: சாக்ரடீஸ் சாவுக்கு பயப்படலன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் சாவு பயம் இல்ல சார், செத்தப்புறம் இந்த உடம்பு அழுகி புழு வைக்கும்ல, அதை நெனச்சாதான் தூக்கம் போயிடுது. கிரேக்கத்துல யாராவது இதைப் பத்தி பேசியிருக்காங்களா?

பதில்: பேசாமலா! கி.மு. 399, ஏதென்ஸ் ஜெயில், மரண தண்டனையா விஷம் குடிக்க கொஞ்ச நேரம்தான் இருக்கு, உங்களை எப்படி அடக்கம் பண்றதுன்னு நண்பர் கிரிட்டோ கேக்குறாரு. உங்க இஷ்டம்ப்பா, முதல்ல என்னை புடிங்க, நழுவிடப் போறேன்னு சாக்ரடீஸ் சிரிக்கிறாரு. கெடக்கப் போறது வெறும் பொணம், நான் வேற எங்கயோ போயிடுவேன்றது அவரு கணக்கு. எகிப்துல பதம் பண்ணி வச்ச உடம்பே எவ்ளோ காலம் தாங்குது, அப்ப ஆன்மா மட்டும் உடனே கலைஞ்சிடுமான்னும் மடக்குறாரு, அவரோட சீடர் பிளேட்டோ எழுதின 'ஃபைடோ'ங்கிற புத்தகத்துல வருது. இந்த வாதம் எனக்கு அவ்வளவா ஒட்டல. ஆனா பொணத்த கழுவுற வேலை பொம்பளைங்களுக்கு எதுக்குன்னு விஷத்துக்கு முன்னாடியே தானா போய் குளிச்சிட்டு வந்தாரு பாருங்க, அது மனசுல நிக்குது.

எபிக்யூரஸ்னு இன்னொரு கிரேக்க தத்துவஞானி, இவரு நேர் எதிர். ஆன்மாவும் அணுக்கூட்டம்தான், உடம்போட சேந்து அதுவும் கலைஞ்சிரும், நாம இருக்கறப்ப சாவு இல்ல, சாவு வந்தப்ப நாம இல்ல, அப்ப அழுகுறத உணர யாரு இருக்கா? சும்மா வாய்ப்பேச்சும் இல்ல. கி.மு. 270ல கல்லடைப்பு வந்து ஒண்ணுக்கு போக முடியாம 14 நாள் கெடந்து, வெண்கலத் தொட்டியில வெந்நீர் ஊத்தி உக்காந்து, தண்ணி கலக்காத ஒயின் கேட்டு வாங்கி குடிச்சிட்டு போய் சேந்தாருன்னு சொல்வாங்க. அவருக்கும் கடைசியில குளியல்தான்!

டயோஜினஸ்ங்கிற கிரேக்க தத்துவஞானி இன்னும் மோசம். என்னை புதைக்காம வெளிய வீசிடுங்கன்னாரு. நரியும் கழுகும் திங்காதான்னு கேட்டா, பக்கத்துல ஒரு கம்பு வைங்க, வெரட்டிக்கிறேன்றாரு. உணர்வே இருக்காதே, எப்படி வெரட்டுவீங்க? அப்ப அது தின்னா எனக்கென்னய்யான்னு போயிட்டாரு. உங்க கேள்விக்கு என் ஓட்டு இவருக்குத்தான்.

கேள்வி: ரோட்டுல ஏதாவது செத்துக் கெடந்தா பாக்கவும் கூசுது, பாக்காம இருக்கவும் முடியல. எனக்கு மட்டும்தானா?

பதில்: லியோன்டியஸ்னு ஒருத்தருக்கும் இதே கதைதான், பிளேட்டோ 'குடியரசு'ல எழுதுறாரு. பிரேயஸ் துறைமுகத்துலருந்து மதில் ஓரமா ஊருக்குள்ள வர்ற வழியில, தண்டனை நிறைவேத்துறவன் பக்கத்துல பொணங்க கெடக்கு. பாக்கணும்னு ஆசை, கூடவே அருவருப்பு, மூஞ்சிய மூடிட்டு கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கிறாரு. ம்ஹூம், முடியல. கண்ண அகலத் தொறந்துக்கிட்டு ஓடிப்போய், பாருங்கடா பாவிங்களா, இந்த அழகான காட்சிய ஆசை தீர பாத்துத் தொலைங்கடான்னு தன் கண்ணுங்களையே திட்டுறாரு.