இறுக்கினால் நிற்காது

வணக்கம்.

போன வாரம் முழுக்க என்னைக் கோபப்படுத்தியவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் ஒருவர் காதில் எதுவும் மாட்டாமல் சத்தமாக வீடியோ பார்த்தார். ஒரே வரியில் எழுதிவிடக்கூடியதை உறவினர் ஒருவர் நான்கு நிமிடக் குரல்பதிவாக அனுப்புகிறார். ‘இங்கே கிழிக்கவும்’ என்று அச்சடித்த இடத்தில் மட்டும் பொட்டலம் கிழிவதில்லை. மேசை ஆடுகிறது. படுக்கையறைக் கதவு கீச்சிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குளியலறைக் குழாய். ஒன்பது நாளாகச் சொட்டுகிறது. எவ்வளவு பலமாக இறுக்கினாலும் நிற்கவில்லை. கீழே வாளி வைத்திருக்கிறேன். இரவில் அந்தச் சத்தம் தூங்கவிடுவதில்லை.

பெரிய இழப்புகளையெல்லாம் அமைதியாகக் கடந்து வந்தவள் நான். இந்த அற்ப விஷயங்களுக்கு ஏன் இப்படி எரிந்து விழுகிறேன்? இது வயதா, சுபாவமா? இவற்றைச் சகித்துக்கொள்ளப் பழகுவது எப்படி?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது: ‘இறுக்கினாலும்’. கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் சொல் அது. ஒன்று சரியாக நிற்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம் கைகளில் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பதில்.

மற்றவற்றை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். சத்தமாக வீடியோ பார்ப்பவரிடம் ‘கொஞ்சம் குறைக்க முடியுமா’ என்று கேளுங்கள், இல்லையென்றால் இடம் மாறி உட்காருங்கள். குரல்பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். பொட்டலத்துக்குக் கத்தரிக்கோல். இவை மூன்றுக்கும் இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

மேசையை முதலில் அது நிற்கும் இடத்திலேயே மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நான்கு கால்களும் சம நீளமாக இருந்து தரை மட்டும் மேடுபள்ளமாக இருந்தால், வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு சுழற்றுவதற்குள் எங்கோ ஓரிடத்தில் ஆடாமல் நின்றுவிடும். எவ்வளவு சுழற்றியும் ஒரே கால் தூக்கிக்கொண்டு நின்றால் அந்தக் கால் குட்டை. அதன் அடியில் தக்கை ஒட்ட வேண்டியதுதான். கதவுக்குச் சமையல் எண்ணெய் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விடாதீர்கள். சில வாரங்களில் அது காற்றுப்பட்டுப் பிசினாகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னைவிட மோசமாகக் கத்தும். கீலின் நடு ஊசியைக் கழற்ற முடிந்தால் ஒவ்வொரு கீலாகக் கழற்றித் துடைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள்.

இனி குழாய்.

ஒன்பது நாள், அம்மா! ஒன்பது நாள் வாளி வைத்திருக்கிறீர்கள். அந்த வாளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதே அதுதான். சொட்டு விழுந்து மோதுவதால் அந்த ‘டிளிங்க்’ எழுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வாலும் அவருடைய குழுவினரும் அதிவேகக் கேமராவும் நீருக்கடியில் ஒலிவாங்கியும் வைத்துப் பார்த்தார்கள். மோதல் கிட்டத்தட்ட ஓசையே எழுப்பவில்லை. சொட்டு விழும்போது நீர்ப்பரப்பில் ஒரு குழி உண்டாகிறது. குழி மூடிக்கொள்ளும் நேரத்தில் அதன் அடியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்கிறது. அது அதிர்ந்து, தனக்கு மேலே இருக்கும் நீர்ப்பரப்பையும் சேர்த்து ஆட்டுகிறது. நம் காதுக்கு வருவது அந்த அதிர்வு. அப்படியானால் தண்ணீர் தேங்கிய பாத்திரம் இருந்தால்தான் அந்தக் குறிப்பிட்ட ஓசை பிறக்கும். நீங்களே ஒரு வாத்தியத்தைக் கொண்டுபோய் அடியில் வைத்துவிட்டு, இரவெல்லாம் அது வாசிக்கிறதே என்று வருந்துகிறீர்கள்.

அவர்களே ஒரு வழியும் சொன்னார்கள். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்துவிட்டால் நீரின் பரப்பு இழுவிசை மாறிப்போகும், ஓசை நின்றுவிடும். தண்ணீரை வேறெதற்காவது பயன்படுத்த நினைத்தால் சோப்பு வேண்டாம். குழாயின் வாயில் ஒரு பருத்தி நூலைக் கட்டி வாளியின் அடிவரை தொங்கவிடுங்கள். சொட்டு விழாமல் நூல் வழியாக வழிந்து இறங்கிவிடும். இன்று இரவுக்கு மட்டும் இது போதும். ‘இன்று இரவுக்கு மட்டும்’ என்பதைக் கவனியுங்கள்.

இரவில் சொட்டு அதிகமாவதாகத் தோன்றினால் அது உங்கள் பிரமை அல்ல. பகலில் பல குழாய்கள் திறந்திருப்பதால் குழாய்வழியில் அழுத்தம் இறங்கியிருக்கும். எல்லோரும் தூங்கிய பிறகு அழுத்தம் முழுதாக ஏறி, பழுதான இடத்தில் வந்து நிற்கும்.

எவ்வளவு தண்ணீர் போகிறது? நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. மருந்துச் சொட்டுக் கணக்குப்படி 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலே நாளைக்கு 4.3 லிட்டர். குழாய்ச் சொட்டு அதைவிடப் பருமன், ஆகவே இது குறைந்தபட்சக் கணக்கு. சரியாகத் தெரிய வேண்டுமானால் அளவுக் குவளையை ஒரு மணி நேரம் வைத்து, சேர்ந்ததை 24ஆல் பெருக்குங்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது தண்ணீர்க் கணக்கு அல்ல, நீங்கள் இறுக்கியதுதான். பல சுற்றுத் திருகி மூடும் பழைய வகைக் குழாயில் நடப்பது எளிமையானது. கைப்பிடிக்குக் கீழே மரை போட்ட ஒரு தண்டு, அதுதான் ஸ்பிண்டில். அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர். நீங்கள் மூடும்போது அந்த வாஷர் கீழே இறங்கி, பித்தளை வளையம் ஒன்றின் விளிம்பில் உட்காருகிறது. பிளம்பர்கள் அதை ‘சீட்’ என்பார்கள். ரப்பர் மெத்தென்று இருப்பதால்தான் அடைப்பு கிடைக்கிறது, உங்கள் கைபலத்தால் அல்ல. தேவைக்கு மேல் இறுக்கும்போது பித்தளை விளிம்பு ரப்பருக்குள் வெட்டி இறங்குகிறது. நாளடைவில் வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்து, ரப்பர் கெட்டியாகி மீளும் தன்மையை இழக்கிறது. நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது. நீங்கள் இன்னும் கால் சுற்றுக் கூடுதலாக இறுக்குகிறீர்கள். பள்ளம் இன்னும் ஆழமாகிறது. பலம் பற்றாமல் சொட்டவில்லை, பலத்தால்தான் சொட்டுகிறது.

அடுத்த கட்டம் இதைவிட மோசம். அழுத்தத்தோடு மெல்லிய இடைவெளியில் பீறிடும் தண்ணீர், கூடவே வரும் மணல் துகள்களோடு சேர்ந்து, அந்தப் பித்தளை விளிம்பையே கோடு கிழித்ததுபோல் அரித்துவிடும். வாஷர் மலிவான பண்டம், மாற்றிவிடலாம். சீட் குழாயின் உடம்போடு சேர்ந்தது. அதில் கோடு விழுந்துவிட்டால் புது வாஷர் போட்டாலும் சில வாரங்களில் அதுவும் அறுந்து, மறுபடி சொட்டத் தொடங்கும். “இப்போதுதான் வாஷர் மாற்றினேன், அதற்குள் போய்விட்டது” என்று மக்கள் கடைக்காரரைத் திட்டுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதைதான். ஒன்பது நாளில் உங்கள் சீட் போயிருக்காது என்று நம்புகிறேன். மாதக்கணக்கில் விடாதீர்கள்.

எந்த இடத்தில் கசிகிறது என்பதை முதலில் பாருங்கள். குழாயை மூடி, வாயைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். மூடிய உடனே விழும் சில சொட்டுகள் வளைவுக்குள் தங்கியிருந்த தண்ணீர், அது பழுதல்ல. ஐந்து நிமிடம் கழித்தும் வாயில் சொட்டினால் வாஷர் அல்லது சீட். குழாய் திறந்திருக்கும்போது கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் அது கிளாண்ட், அதாவது ஸ்பிண்டிலைச் சுற்றித் தண்ணீர் மேலே வராமல் திணித்து அடைத்திருக்கும் இடம். அதன் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் போதும். (ஆமாம், இங்கே இறுக்கலாம். அதுவும் எட்டில் ஒரு பங்கு.)

வாயில்தான் கசிவு என்றால் வேலையைத் தொடங்கலாம். முதன்மை வால்வை மூடுங்கள். பிறகு இந்தக் குழாயைத் திறந்து உள்ளே தங்கிய தண்ணீரை வடியவிடுங்கள். தண்ணீர் போகும் துளையில் ஒரு துணியைத் திணித்து வையுங்கள். கைப்பிடி ஸ்க்ரூ நுனிவிரல் அளவுதான் இருக்கும், விழுந்தால் நேரே சாக்கடைக்குள். கைப்பிடியின் உச்சியில் இருக்கும் மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை மேலே இழுங்கள். உள்ளே பெரிய நட்டு தெரியும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். ஸ்பிண்டில் முழுக்க மூடிய நிலையில் இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் வாஷர் சீட்டின்மேல் அழுந்தியபடியே அரைபடும். ஆகவே குழாய் பாதி திறந்த நிலையிலேயே இருக்கட்டும். ஒரு கையால் குழாயின் உடம்பை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனரை இடப்புறம் திருப்புங்கள். பிடிக்காமல் திருகினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பும் சேர்ந்து சுழலும். அப்புறம் சுவரை உடைக்க வேண்டிவரும்.

வெளியே வந்த ஸ்பிண்டிலின் அடியில் வாஷர் இருக்கும். சிலவற்றில் ஒரு சின்ன நட்டு பிடித்திருக்கும், சிலவற்றில் வெறுமனே செருகியிருக்கும். கடைக்கு அளவை எழுதிக்கொண்டு போகாதீர்கள். அதைக் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள். குழாய் அரை அங்குலம் என்பதால் வாஷரும் அரை அங்குலம் என்று அர்த்தமில்லை. கடை மூடியிருந்தால், வாஷரைக் கவிழ்த்துப் பள்ளம் விழாத பக்கம் கீழே வரும்படி போடுங்கள், சில நாள் தாங்கும். திரும்ப மாட்டும் முன் குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டு, நகத்தால் சீட்டின் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். ஒரே வழவழப்பாக இருந்தால் நல்லது. நகம் எங்காவது தட்டினால் அதைத் தேய்த்துச் சமன்செய்யத் தனிக் கருவி உண்டு, பிளம்பரை அழைத்துவிடுங்கள். வெண்மையாகச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் வைத்துத் துடைத்துவிடுங்கள்.

கால்சுற்றிலேயே திறந்து மூடும் புதுவகைக் குழாயாக இருந்தால் நான் சொன்ன வாஷர் கதையே கிடையாது. உள்ளே பளபளப்பாக இழைத்த இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும். கால்சுற்றில் ஒரு தடுப்பு வந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அடைப்பு ஒரு துளிகூட அதிகரிக்காது. தடுப்புதான் உடையும். இதில் அந்தத் தகடுகள் அடங்கிய உள் உருளையை முழுதாக மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தலையில் உள்ள பற்கள் சிலவற்றில் இருபது, சிலவற்றில் இருபத்துநான்கு. ஒன்றின் கைப்பிடி மற்றதில் உட்காராது. வலப்பக்கம் திறப்பதும் இடப்பக்கம் திறப்பதும் வேறு வேறு.

டெஃப்ளான் டேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எந்தக் கசிவுக்கும் அதைச் சுற்றும் பழக்கம் இருக்கிறது. 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்த அந்தப் பொருள் அருமையானதுதான். ஆனால் அந்த டேப், மரையும் மரையும் சேரும் நிலையான இணைப்புக்கு. வாயில் சொட்டுவதை அது ஒருநாளும் நிறுத்தாது. சுற்றுவதாக இருந்தால் மரையின் நுனி உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். கயிறாகத் திரித்தால் கிளாண்டுக்குள் பழைய திணிப்புக்குப் பதிலாக வைக்கலாம், அது ஒன்றுதான் விதிவிலக்கு.

எல்லாம் மாட்டிய பின் முதன்மை வால்வைப் படாரென்று திறக்காதீர்கள். குழாயின் வாயில் வலை போட்ட மூடி இருந்தால் அதைக் கழற்றுங்கள், குழாயைத் திறந்து வையுங்கள், பிறகு வால்வை மெதுவாகத் திறங்கள். உள்ளே சிக்கிய காற்றும் வேலையில் உதிர்ந்த துகளும் வெளியே வந்துவிடும். அந்தத் துகள் செராமிக் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் புது உருளையும் முதல் நாளே கோடுபட்டுவிடும்.

மூடும்போது இரண்டு விரல் போதும். தண்ணீர் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் இதைக் காட்டுங்கள். பழைய வாஷரில் பழகிய கை, முதல் வாரம் முழுக்க அதே பலத்தோடுதான் திருகப் பார்க்கும்.

வயதா சுபாவமா என்று கேட்டிருந்தீர்கள், சகித்துக்கொள்ள வழியும் கேட்டிருந்தீர்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. கழற்றிய வாஷரைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பள்ளம் சுற்றிலும் ஒரே ஆழமாக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் அதிகமா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் சீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.