பீலின் ‘ஒன்பது கொள்கை’களை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நவீன காவல்துறை எப்படித் தோன்றியது என்று ஒரு பாடவேளையில் சொல்ல வேண்டும். லண்டன் போலீஸை உருவாக்கிய ராபர்ட் பீலின் ஒன்பது கொள்கைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். இணையத்தில் பீல் பெயரில் உலவும் அந்த ஒன்பதும் 20ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் ரீத் என்ற வரலாற்றாசிரியர் தொகுத்து எழுதியவை. ‘குற்றத்தைத் தடுப்பதே முதல் வேலை’ என்ற கருத்து மட்டும் 1829ஆம் ஆண்டு லண்டன் காவலர்களுக்குத் தந்த அறிவுரைகளிலேயே உண்டு. அந்த அறிவுரைகளை எழுதியவர்கள் அந்தப் போலீஸின் முதல் ஆணையர்களான ரோவனும் மேனும்.

கோட்டின் நிறத்தில் தொடங்குங்கள். 1829 செப்டம்பர் 29 அன்று லண்டன் தெருவில் இறங்கிய காவலர்களுக்கு ஏன் நீலக் கோட்டு? பிள்ளைகள் யோசிக்கட்டும். பட்டாளத்துக்காரர் சிவப்பு அணிந்தார்கள். இவர்கள் பட்டாளமில்லை என்று காட்ட நீலம். கையில் துப்பாக்கி இல்லை, மரத்தடிதான். சட்டைக் கழுத்தில் எண், தப்பு செய்தால் அடையாளம் சொல்ல. இத்தனை ஏற்பாடும் எதற்கு? பிரான்ஸில் போல உளவு பார்க்கும் போலீஸ் வந்துவிடும் என்று லண்டன்காரர்கள் அஞ்சினார்கள். ‘பாபி’, ‘பீலர்’ என்ற பட்டப்பெயர்கள் உள்துறை அமைச்சரான பீலின் பெயரிலிருந்து வந்தவை.

அடுத்து 1833. லண்டனில் கோல்ட் பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் கூடிய கூட்டத்தைப் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தபோது, கல்லி என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். மரண விசாரணை ஜூரிகளோ அதை ‘நியாயமான கொலை’ என்றார்கள்! சாதாரண மனிதர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். பாதி நேரம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

பாடநூல்கள் தாண்டிப் போகிற இடம் அயர்லாந்து. 1812 முதல் 1818 வரை பீல் அங்கே தலைமைச் செயலர். 1814இலேயே கலகத்தை அடக்க ஒரு காவல் படையை அமைத்தார். பின்னாளில் அங்கே வளர்ந்த ஆயுதமேந்திய, முகாம்களில் தங்கும் காவல்படையைப் பார்த்துத்தான் 1843இல் சிந்துவில் (இன்றைய பாகிஸ்தானில்) பிரிட்டிஷ் தளபதி நேப்பியர் போலீஸ் அமைத்தார். 1861ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டத்திலும் அந்தச் சாயல் உண்டு. ஆக, நம் ஊர் ஸ்டேஷனுக்கு லண்டனைவிட அயர்லாந்தின் டப்ளின்தான் நெருங்கிய உறவு. இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

பரீட்சைக்கு 1829, பீல், ஸ்காட்லாந்து யார்டு (லண்டன் போலீஸ் தலைமையகம்) என்ற மூன்றும் போதும்.