மஸில் பிரேக், சப்ரஸர்: துப்பாக்கியின் உதைப்பை எது அதிகம் குறைக்கும்?

இரண்டுமே குழல் முனையில் மாட்டும் கருவிகள்: மஸில் பிரேக் உதைப்பைக் குறைக்க, சப்ரஸர் சத்தத்தைக் குறைக்க. உதைப்பை இரண்டும் குறைக்கும், ஆனால் பிரேக்தான் பொதுவாக ஒரு படி மேலே.

உதைப்பு குண்டால் மட்டும் வருவதில்லை. 7.62 மி.மீ. ராணுவ ரைபிளில் சுமார் 9.5 கிராம் குண்டு நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னால் எரிந்த வெடிமருந்தின் வாயு, எடை 3 கிராம்தான் என்றாலும், குண்டைவிட வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறது. மொத்த உதைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவின் கைங்கரியம். குண்டின் பங்கில் யாரும் கைவைக்க முடியாது. வாயுவின் பங்கில்தான் விளையாட முடியும்.

பிரேக் அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது. அது துப்பாக்கியை முன்னால் இழுக்கும். சப்ரஸர் திருப்புவதில்லை, தாமதப்படுத்தி வேகத்தைக் குறைக்கிறது. டெல்லி ராஜீவ் சவுக் மெட்ரோவில் ரயிலிலிருந்து கொட்டும் கூட்டம் டிக்கெட் கேட்டில் ஒவ்வொருவராக வெளியேறுவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே கதை. கூடவே குழல் முனையில் அரைக் கிலோ எடை ஏறுவதால் முனை துள்ளுவதும் குறையும்.

பிரேக்குக்கு விலை காதுதான். சத்தம் சுடுபவர் பக்கமே திரும்பும், பக்கத்தில் நிற்பவர் பாடு இன்னும் மோசம்.

துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் .22 ரைபிள் சுடப் பழகுகிறீர்கள் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். அதில் மருந்தும் கொஞ்சம், உதைப்பும் கொஞ்சம். திருப்பிவிட அங்கே வாயு ஏது?