மாணவியின் மஞ்சள் சாயம் வெளுத்தது பற்றி

ஆற்று மாசு பற்றி உங்கள் மாணவி பருத்தித் துணியில் மஞ்சள்கிழங்குச் சாயத்தால் வரைந்த படம் ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவர் கைவேலையில் குறையில்லை. மஞ்சள்கிழங்குச் சாயம் வெளிச்சத்தைத் தாங்காது. சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் படிகாரத்தைக் கூட்டினாலும் பெரிதாகத் தேறாது.

உடனே மாற்றுச் சாயத்தைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு சோதனைத் துண்டு போடட்டும்: பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம். இரண்டு பாதியையும் சேர்த்துவைத்துப் பார்த்த பிறகு கேளுங்கள், வெளுப்பதும் படைப்பில் சேர்த்திதானா என்று. ஆம் என்றால் மஞ்சளே இருக்கட்டும், வெளுப்பதைப் பதிவுசெய்யத் தேதியிட்ட புகைப்படங்கள் போதும். இந்தக் கேள்வியை நீங்களே முடிவு செய்துவிட்டால் பாடமே போச்சு.

நிறம் நிற்க வேண்டுமென்றால், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் நல்லது. துணியைச் சலவைச் சோடாவில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துப் பருத்தியில் இயல்பாக உள்ள மெழுகை எடுக்க வேண்டும்; இதை விட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு சாயம் பிடிக்க, 100 கிராம் துணிக்குக் கடுக்காய்த்தூள் 20 கிராம், அடுத்துப் படிகாரம் 15 கிராம். சாயநீரைக் கொதிக்க விடக்கூடாது, சிவப்பு பழுப்படிக்கும். 70 டிகிரி செல்சியஸ் போதும். படிகாரக் கழிவுநீரை எங்கே ஊற்றுகிறார் என்றும் கேட்டுவையுங்கள். காட்சிக்கு வைக்கும்போது எந்தச் சாயமானாலும் விளக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தின் அளவு) தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும்.